அம்பாசிடரின் பின் ஸ்பிரிங்: தட்டி வாங்குவதா, புதிதாகப் போடுவதா?

அம்பாசிடரின் பின் ஸ்பிரிங் என்பது வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது. வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்றாலோ, பள்ளத்தில் இறங்கும்போது இரும்போடு இரும்பு மோதும் ஓசை கேட்கிறது என்றாலோ, ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். பழைய பட்டைகளைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்துத் தட்டி வளைவு ஏற்றலாம் என்பார் ஒருவர். உடைந்த பட்டையை மட்டும் மாற்றினால் போதும் என்பார் இன்னொருவர். பழைய இரும்புக் கடையில் வேறொரு வண்டியின் செட் கிடைக்கும் என்பார்கள். கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துக் கட்டச் சொல்பவர்களும் உண்டு. புதிய செட் போடலாம் என்ற யோசனை, பணம் கூடுதல் என்பதால், பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைத்தே இந்த வேலையைச் செய்ய நினைக்கிறவர், இரண்டு பக்கமும் புதிய செட் போடுவதுதான் சரி. தட்டி வாங்குவதற்கு ஓர் இடம் உண்டு. அது பலர் நினைப்பதைவிடக் குறுகிய இடம். மற்ற மூன்று வழிகளும் வண்டிக்கு நல்லதல்ல. ஏன் என்பதைப் பட்டையின் இயல்பிலிருந்தே சொல்ல வேண்டும்.

முதலில், தாழ்ந்திருப்பது பின் ஸ்பிரிங்தானா என்று பாருங்கள். அம்பாசிடரின் முன்பக்கத்தில் இருப்பது டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு பாரம் தாங்கும் எஃகுத் தண்டு. அது ஒரு பக்கம் தளர்ந்தால், வண்டியின் உடல் மூலைவிட்டமாகச் சாய்ந்து, பின்பக்கத்தில் எதிர் மூலை மாறுபட்டுத் தெரியும். குற்றமில்லாத பின் ஸ்பிரிங்கைப் பலர் கழற்றுவது இதனால்தான். சமதளத் தரையில் வண்டியை நிறுத்துங்கள். டயர்களில் காற்று சமமாக இருக்கட்டும். டிக்கியைக் காலி செய்யுங்கள். பின் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முன்பக்கத்தின் நடுவில், குறுக்குச் சட்டத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, முன் சக்கரங்கள் தரையை விடும் அளவுக்குத் தூக்கி, மறுபடியும் பின்பக்கத்தை அளந்து பாருங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. முன்பக்கம் இப்போது ஒற்றைப் புள்ளியில் நிற்பதால், அதன் சாய்வு பின்பக்கத்தைத் தொடாது. வித்தியாசம் மறைந்துவிட்டால் கோளாறு முன்னால் இருக்கிறது. அப்படியே நின்றால் பின் ஸ்பிரிங்தான்.

அடுத்தது, பட்டையைத் தாங்கும் இடம். அம்பாசிடருக்கு லாரியைப் போலத் தனிச் சேசிஸ் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற இங்கிலாந்துக் காரின் வழி வந்த வண்டி அது; தகடுகளை மடித்துப் பற்றவைத்த பெட்டிச் சட்டங்கள்தான் எல்லாப் பாரத்தையும் தாங்குகின்றன. ஸ்பிரிங்கின் முன் கண்ணில் (பட்டையின் முனையைச் சுருட்டிய வளையத்தில்) மாட்டும் போல்ட் நுழையும் இடத்தில் சேறும் மழைநீரும் தங்கும். மேலே அடித்திருக்கும் கறுப்புப் பூச்சு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரின் முனையை அந்த இடத்தில் சற்று அழுத்திப் பாருங்கள். தகடு அழுத்தத்தைத் தாங்கினால் நல்லது. பூச்சு பிளந்து, செதில் செதிலாகத் துரு உதிர்ந்து, முனை உள்ளே போனால், எந்த ஸ்பிரிங் என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் வெல்டிங் வேலைக்குப் போங்கள். துருப்பிடித்த தாங்கியில் புதிய ஸ்பிரிங் போட்டால், புதிய ஸ்பிரிங்கின் வலுவே அந்தத் தகட்டைக் கிழித்துவிடும்.

இனி பட்டறைக்கு வருவோம். "பட்டை பலமிழந்துவிட்டது" என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் எஃகின் விறைப்பு வயதோடு குறைவதில்லை. துருவால் கனம் குறைந்தாலோ, விரிசல் விட்டாலோ ஒழிய, ஐம்பது ஆண்டுப் பழைய பட்டையும் அன்றைக்கு இருந்த விறைப்போடுதான் இருக்கிறது. இழந்தது வடிவத்தை. ஆண்டுக்கணக்கில் சுமந்த பாரம், குறிப்பாக டிக்கியில் எரிவாயு சிலிண்டர் ஏற்றி ஓடிய வண்டிகளில் நிரந்தரமாக அமர்ந்துவிட்ட பாரம், வளைவை மெல்ல மெல்லத் தட்டையாக்கிவிட்டது. எனவே வளைவைத் திரும்பக் கொடுத்தால் போதும் என்ற பட்டறைக்காரரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை எப்படிக் கொடுக்கிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பல பட்டறைகளில் பட்டையைச் சூடேற்றாமலே தட்டுகிறார்கள். உள்வளைவு மேலே இருக்கும்படி பட்டையை இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து, சம்மட்டியால் அங்குலம் அங்குலமாக அடித்துக்கொண்டு போவார்கள். வளைவு கண்ணெதிரே ஏறும். ஆனால் அடி விழுகிற பக்கத்தைக் கவனியுங்கள். வண்டியின் பாரம் பட்டையைத் தட்டையாக்கப் பார்க்கும்போது, நீள முயல்வது உள்வளைவுப் பக்கம். இழுவிசை முழுவதும் அந்தப் பரப்பில்தான் இருக்கிறது. சம்மட்டியின் தழும்புகளும் அங்கேயேதான் விழுகின்றன. ஒவ்வொரு தழும்பின் ஓரமும் ஒரு விரிசலுக்குப் பிறப்பிடமாகலாம். இதைவிடப் பெரிய குறை கண்ணுக்குத் தெரியாதது. குளிர்ந்த நிலையில் வலுக்கட்டாயமாக வளைத்த எஃகு சற்றே பின்வாங்கும். அப்போது உள்வளைவின் மேற்பரப்பில் ஓர் இழுவிசை நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பிறகு வண்டியின் பாரம் அதன் மேல் இன்னோர் இழுவிசையைச் சேர்க்கிறது.

தொழிற்சாலையில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. அங்கே புதிய பட்டையைத் தேவைக்கும் அதிகமான வளைவோடு செய்து, வண்டி அழுத்தும் அதே திசையில் ஒருமுறை அளவுக்கு மேல் அழுத்தி எடுக்கிறார்கள். அதனால் உள்வளைவின் பரப்பில் அமுக்கவிசை தங்குகிறது. பல தயாரிப்பாளர்கள் அதே பரப்பில் நுண்ணிய எஃகுக் குண்டுகளையும் வேகமாக வீசியடிக்கிறார்கள். அதுவும் அமுக்கவிசையை ஏற்றத்தான். சாலையில் வரும் இழுவிசை முதலில் இந்த அமுக்கவிசையைக் கரைத்த பிறகுதான் எஃகைத் தீண்ட முடியும். குளிர்ந்த நிலையில் தட்டியபோது அந்தக் கவசத்தை நாமே கழற்றிவிடுகிறோம். தட்டி வாங்கிய ஸ்பிரிங் சில மாதங்களில் மறுபடியும் தாழ்ந்துபோவது பெரும்பாலும் பட்டறைக்காரரின் ஏமாற்று அல்ல. அந்த முறையின் இயல்பே அது.

சரியான முறையும் உண்டு. சிலிக்கான்-மாங்கனீசு வகை ஸ்பிரிங் எஃகை உலையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, புதிய வளைவு கொடுத்து, எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கி, மறுபடியும் 450 முதல் 500 டிகிரி வரை சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். முதல் சூட்டில் கடினம் வருகிறது. இரண்டாம் சூட்டில் நெகிழ்வு வருகிறது. இரண்டாவதை விட்டுவிட்டால் பட்டை கண்ணாடிபோல் முறியும். எண்ணெயில் அமிழ்த்தாமல் ஆறவிட்டால் மெத்தென்று வளைந்து அப்படியே கிடக்கும். எனவே பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி விலையல்ல. உலை இருக்கிறதா, முழுப் பட்டையும் ஒரே சீராக உள்ளே போகுமா, எண்ணெய்த் தொட்டி எங்கே, பதம் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். வெல்டிங் டார்ச்சால் அங்கங்கே சிவக்கவைத்து வளைப்பதாகச் சொன்னால் பட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சூடுபட்ட இடம் ஒரு பதம், படாத இடம் ஒரு பதம் என்று ஆகிவிட்ட பட்டையை நம்பி வீட்டாரை உட்காரவைத்து ஓட்ட முடியாது.

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் லாரிகளுக்கு வேலை செய்யும் பட்டறைகளில் ஸ்பிரிங் பற்றிய அனுபவம் ஏராளம், கைகள் தேர்ந்தவை. ஆனால் அவர்களது கண்ணுக்குப் பழகிய அளவு லாரியின் அளவு. ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள காருக்கு எவ்வளவு வளைவு தேவை என்பதை நீங்கள்தான் அளவோடு எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஒரு பட்டையை மட்டும் மாற்றும் யோசனை சிக்கனமானது போலத் தோன்றும். ஒரு செட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் சிக்கல் புரியும். நீளமான மெயின் பட்டையைவிட அடுத்த பட்டைக்கு வளைவு சற்று அதிகம். அதற்கடுத்ததற்கு இன்னும் அதிகம். தனித்தனியே அடுக்கினால் நடுவில் இடைவெளி தெரியும். எல்லாப் பட்டைகளையும் நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டை இறுக்கும்போதுதான் அந்த இடைவெளி மூடுகிறது. அப்படி மூடும்போது குட்டைப் பட்டைகள் மெயின் பட்டையின் சுமையில் ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. கண்கள் உள்ள மெயின் பட்டை சுமையை மட்டுமல்ல, பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் வரும் விசைகளையும் தாங்க வேண்டியிருப்பதால் இந்த ஏற்பாடு. பழைய, தாழ்ந்த பட்டைகளுக்கு நடுவே புதிய வளைவோடு ஒரு பட்டை நுழைந்தால் இந்தப் பங்கீடு குலைகிறது. சில நேரம் புதியது மட்டும் எல்லாப் பாரத்தையும் சுமந்து, அதுவே அடுத்து உடைகிறது. ஊருக்குத் திரும்பும் வழியில் பட்டை உடைந்து, வீடு வந்து சேர ஒரு வழி வேண்டும் என்றால் இதைச் செய்யலாம். நிரந்தரத் தீர்வாக வேண்டாம்.

கூடுதல் பட்டை சேர்ப்பதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். வண்டி இழந்தது வடிவம். இந்த வைத்தியம் கூட்டுவதோ விறைப்பை. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 7 மில்லிமீட்டர் பட்டையை வைத்தால் கனம் கூடியது ஆறில் ஒரு பங்குதான்; அந்தப் பட்டையின் விறைப்போ ஏறத்தாழ 60 சதவீதம் கூடிவிடும். லாரிப் பட்டையிலிருந்து வெட்டியெடுத்த துண்டு இதைவிடக் கனமாகவே இருக்கும். பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும், உண்மைதான். ஆனால் பின் இருக்கையில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டே போகலாம் என்று பேர் வாங்கிய வண்டி அது. அந்தச் சுகம் போய்விடும். காலி வண்டியில் பின் சக்கரங்கள் மழைச் சாலையில் பிடிப்பு இழப்பதும் எளிதாகிவிடும். பள்ளம் மேட்டின் அதிர்ச்சி முழுவதும், துருவேறிய பெட்டிச் சட்டத்துக்குப் போகும்.

பழைய இரும்புக் கடை ஸ்பிரிங்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் அம்பாசிடர் பாகங்கள் இன்றும் அகப்படும். டிக்கி மூடியோ கதவுக் கைப்பிடியோ வாங்க அது அருமையான இடம். ஸ்பிரிங் அப்படியல்ல. எத்தனை லட்சம் முறை வளைந்து நிமிர்ந்தது என்ற கணக்கு எஃகின் உள்ளே இருக்கிறது, வெளியே தெரியாது. அந்த வண்டியும் உங்களுடையதைப் போலவே டாக்சியாக ஓடிக் களைத்ததாக இருக்கலாம். ஸ்பிரிங்கின் பின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷாக்கிள் தகடு, ஸ்பிரிங்கைப் பின் அச்சோடு (ஆக்ஸில்) கட்டும் யூ போல்ட்டுக்குக் கீழே வரும் கனத்த தகடு போன்றவற்றை அங்கே வாங்குங்கள், பட்டையை வாங்காதீர்கள்.

ஆகப் புதிய செட். மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதம் தயாரிப்பு நின்றுவிட்டாலும், அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிய வண்டி என்பதால் ஸ்பிரிங் கிடைப்பது பெரிய சிரமமாக இல்லை. தரம்தான் கடைக்குக் கடை மாறுகிறது. பழையதைக் கழற்றுவதற்கு முன்பே புதியதை வாங்கிவிடாதீர்கள். அல்லது அளவு மாறினால் திருப்பித் தருவதாகப் பேசி வாங்குங்கள். இரண்டு ஸ்பிரிங்குகளையும் தரையில் அருகருகே நிறுத்தி, கண்ணோடு கண் சேர்த்துப் பாருங்கள். வளைவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டைகளின் எண்ணிக்கை, அகலம், கனம் மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். முன் கண்ணின் மையத்திலிருந்து சென்டர் போல்ட் வரையுள்ள தூரத்தை மறக்காமல் அளக்க வேண்டும். அந்தத் தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் ஆக்ஸில் கோணலாக உட்காரும், வண்டி நேராக ஓடாது, டயர் தேயும், காரணம் தெரியாமல் அலைய நேரும். ஒரு பக்கம் மட்டும் புதியது போடுவதில் மிச்சமாகும் பணத்தை நான் மிச்சமாகவே கருத மாட்டேன்.

வீட்டில் செய்வதா, பட்டறையில் விடுவதா என்ற கேள்விக்கு என் அளவுகோல் எளியது. காங்கிரீட் தரை, உறுதியான ஜாக் ஸ்டாண்டுகள் இரண்டு, டிராலி ஜாக்கி ஒன்று, உதவிக்கு ஓர் ஆள். இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் வண்டியைப் பட்டறைக்கு அனுப்புங்கள். மண் தரையில் செங்கல் அடுக்கி அதன் மேல் காரை நிறுத்தி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. செங்கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும்.

நான்கும் இருந்தால் வேலை வீட்டிலேயே நடக்கும். பட்டறையைவிட நன்றாகவே நடக்கும், ஏனென்றால் உங்களுக்கு அவசரமில்லை. இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே எல்லா மரைகளிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள்; ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை என்பதால், அவை தரையைவிட்டு எழுந்தபின் அதனால் பயனில்லை. ஸ்டாண்டுகள் நிற்க வேண்டிய இடம் ஸ்பிரிங்கின் முன் தாங்கிக்குச் சற்று முன்னால் உள்ள பெட்டிச் சட்டம். ஆக்ஸிலின் எடையை டிராலி ஜாக்கி தாங்கட்டும். ஷாக் அப்சார்பரை விடுவித்தபின் ஆக்ஸில் கீழே இறங்கப் பார்க்கும். பிரேக் ரப்பர் குழாய் அந்த எடையில் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் ஆக்ஸில் முன்னும் பின்னும் உருண்டு, எஞ்சின் சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டோடு சேர்ந்து உங்களை அலைக்கழிக்கும்.

பழைய யூ போல்ட்டைக் காப்பாற்ற முயலாதீர்கள். ஒருமுறை முழு இறுக்கத்தில் நீண்ட போல்ட் அது. மரை சுழன்றால் சரி, இல்லையென்றால் வெட்டியெடுங்கள். புதிய யூ போல்ட், கண்ணுக்குள் வரும் புதிய ரப்பர் புஷ், புதிய சென்டர் போல்ட் எல்லாம் ஸ்பிரிங்கோடு சேர்த்து வாங்க வேண்டியவை. பெட்ரோல் டேங்க் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. எனவே சூடேற்றுவதும் நெருப்புப் பொறி பறக்க கிரைண்டர் போடுவதும் அந்த இடத்தில் கூடாது. ஹாக்ஸா பிளேடால் பொறுமையாக அறுங்கள்.

எல்லாவற்றிலும் பிடிவாதமானது முன் கண் போல்ட். புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழலும் போல்ட்டும் துருவால் ஒன்றாகிப் போயிருக்கும். மரை கழன்றாலும் போல்ட் வராது. தலையைத் திருப்பினால் ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டு திரும்பவும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அப்படியென்றால் சுத்தியலால் அடித்துத் தாங்கியை வளைத்துவிடாதீர்கள். தாங்கிக்கும் ஸ்பிரிங் கண்ணுக்கும் இடையில் இரண்டு பக்கமும் பிளேடை நுழைத்துப் போல்ட்டை அறுத்துவிடுங்கள். அரை நாள் ஆகலாம். ஆகட்டும், அந்தத் தாங்கியைப் புதிதாகச் செய்வதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அரை நாள் ஒன்றுமில்லை.

புதியதை ஏற்றும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையின் துளையில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே யூ போல்ட்டை இறுக்குங்கள். நான்கு மரைகளையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கண் போல்ட்டையும் ஷாக்கிள் போல்ட்டையும் இப்போது கையால் முடுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி விட்டுவையுங்கள். சக்கரம் மாட்டி, வண்டி தன் எடையில் தரையில் நின்று, சற்று முன்னும் பின்னும் உருட்டிய பிறகே அவற்றை முழுதாக இறுக்க வேண்டும். ஸ்பிரிங் தொங்கிய நிலையில் இறுக்கினால், வண்டியைக் கீழே விட்டதும் ரப்பர் புஷ் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் மாட்டிக்கொள்ளும். வண்டி அளவுக்கு மேல் உயர்ந்து நிற்கும். புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். புதிய ஸ்பிரிங் கூடுதல் உயரம் தருகிறது என்ற புகார்களில் பல இப்படிப் பிறந்தவைதான்.

எல்லாப் பழைய கார்களுக்கும் இந்த முடிவு பொருந்தாது. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டில், பின்பக்கம் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே ஸ்பிரிங்தான். அது, சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் மேல் அமர்ந்திருக்கிறது. அதைக் கழற்றும் முறையும் ஆபத்தும் வேறு; முதல் முறையாகச் செய்கிறவர் அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடும் மோரிஸ் மைனரின் பின்பக்கம் நம் அம்பாசிடரின் ஏற்பாட்டையே ஒத்தது; செய்முறையில் பெரிய மாற்றமில்லை. ஆனால் அதற்கான புதிய ஸ்பிரிங் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்தால் கணக்கு மாறுகிறது. விரிசலில்லாத பழைய பட்டை கையில் இருந்து, உலையும் எண்ணெய்த் தொட்டியும் உள்ள பட்டறை அருகில் இருந்தால், முறையாகப் பதப்படுத்தி வாங்குவதை அங்கே நானும் பரிந்துரைப்பேன். பட்டைகளைப் பிரிப்பதற்கு முன் சென்டர் போல்ட்டின் இரு பக்கமும் வலுவான சி-கிளாம்ப் போட்டுவிடுங்கள். அடக்கி வைத்திருக்கும் விசை போல்ட் கழன்ற நொடியில் விரல்களைத் தேடி வரும்.

வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் யூ போல்ட் மரைகளை மறுபடியும் இறுக்குங்கள். புதிய பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து இடம் கொடுத்திருக்கும். பட்டைகளுக்கு ஏதாவது போடுவதாக இருந்தால் கிராஃபைட் கிரீஸ் போடுங்கள்; பழைய எஞ்சின் ஆயில் தெளிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த ஆயில் புஷ் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். அளவையும் ஒருமுறை எடுத்து முன்பு எழுதி வைத்த எண்ணோடு சேர்த்து வையுங்கள். பின்பக்கம் உயர்ந்துவிட்டதால் முகப்பு விளக்குகளின் ஒளி இப்போது முன்பைவிடத் தாழ்ந்து, சாலையில் அருகிலேயே விழும். இரவுப் பயணம் போவதற்கு முன் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, விளக்குகளின் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடுங்கள்.